மூச்சு வாங்காதவர்கள்

முதல் சுற்று முடிந்து, ஆடியவர்கள் எல்லாரும் நாற்காலிகளுக்குத் திரும்பியபோது, அவர்களில் ஒருவருக்குக்கூட மூச்சு வாங்கவில்லை.

அவளுக்கு அது உடனே உறைத்தது. மற்றவர்கள் கண்ணால் பார்ப்பதை அவள் காதால் பார்ப்பவள். கணவரின் மின்விசிறிக் கடையில் பழுது பார்க்கும் மேசை அவளுடையது. விசிறியைச் சுழலவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாலே பேரிங் தேய்ந்திருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்கு இந்தக் கூடம் பிடிபடவில்லை. தொடர்ந்து நான்கு பாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். தலை நரைத்தவர்கள், தொந்தி வைத்தவர்கள், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டைக் கழற்றாதவர்கள். யாராவது ஒருவர் 'உஸ்ஸ்' என்று சாய வேண்டாமா? கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைக்க வேண்டாமா? நாற்காலிகள் கிறீச்சிட்டன, செருப்புத் தோல் மரத்தரையில் உரசி ஓய்ந்தது, இடைவேளைப் பாட்டு ஒன்று ஒலிபெருக்கியில் கொஞ்சம் முனகிவிட்டு அடங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பெரிய கூடத்தில் அவள் காதில் விழுந்த மூச்சு ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருடைய மூச்சு. இழுக்கும்போது ஒரு கரகரப்பு, விடும்போது கடைசியில் சன்னமாக ஒரு விசில்.

அந்த விசில் அவளுக்கு மனப்பாடம். போன வருஷம் நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இன்றோ நாளையோ என்று கிடந்து பிழைத்தவர் அவர். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. விசில் கேட்டால் கண்ணயர்வாள். கேட்காவிட்டால் விருட்டென்று எழுந்து உட்காருவாள். "உயிரோட இருக்கேனான்னு செக் பண்ணியே என்னைச் சாகடிச்சிடுவே போலிருக்கு" என்று அவர் தூக்கக் கலக்கத்தில் சலித்துக்கொள்வார். சலிப்பதற்கும் மூச்சு வேண்டுமே, அதனால் அவளுக்கு அந்தத் திட்டும் இனிக்கும்.

தெருவே அவரை ஃபேன்காரர் என்றுதான் கூப்பிடும். ஊருக்கெல்லாம் காற்று விற்கிறவனுக்கே காற்று போதவில்லை என்று தன்னையே கிண்டல் செய்துகொள்கிற மனிதர். நுரையீரல் டாக்டர் நடக்கச் சொன்னார், சீராக மூச்சு விட்டுப் பழகச் சொன்னார். தனியாக நடக்கப் போரடிக்கிறது என்று நாலு நாளில் ஃபேன்காரர் உட்கார்ந்துவிட்டார். பிறகு உடற்பயிற்சி நிலையத்தின் மாடியில் டாங்கோ நடன வகுப்பு என்ற போர்டைப் பார்த்து, இதுவும் நடைதானே என்று அவளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அக்கம்பக்கம் சிரித்தது. அவளும் முதலில் கூசினாள். ஆனால் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று ஆடும்போது அவர் மூச்சு அவள் மூச்சுக்குப் பக்கத்திலேயே ஓடியது. அதற்காகவே ஒரு வகுப்பும் விடாமல் போனாள்.

இப்போது விசிறிக் கம்பெனி நன்றாக விற்ற டீலர்களை ஜோடியாக வெளிநாட்டுக்குக் கூட்டி வந்திருந்தது. மற்ற டீலர்கள் பஸ் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். வகுப்பு டீச்சர் விசாரித்துக் கொடுத்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் மட்டும் நழுவி வந்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக் கடைக்கு மேலே கூடம். வெளியே நல்ல மத்தியானம். உள்ளே கனத்த திரைகளை இழுத்துவிட்டு மஞ்சள் விளக்குப் போட்டிருந்தார்கள். மெழுகு போட்ட தரையின் வாசனையும், வெகுநாள் திறக்காத துணி அலமாரியின் வாசனையும் கலந்து வந்தன. இத்தனை பேர் ஆடுகிற இடத்தில் வியர்வை வாடை இல்லை.

"என்ன, முகம் ஃபியூஸ் போன பல்பு மாதிரி இருக்கு?" என்றார் ஃபேன்காரர்.

"யாருக்கும் மூச்சு வாங்கலைங்க. கவனிச்சீங்களா?"

"பழகின கால்கள்டி. நம்மள மாதிரி நேத்து முளைச்சதா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி இறங்கிக்கொண்டிருந்த சட்டைப் பையைப் பார்த்தார்கள். பசித்தவர்கள் அடுத்தவர் இலையைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"வாங்க, போயிடலாம்" என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்து, பொண்டாட்டியோட மட்டும் ஆடிட்டுப் போனேன்னு டீச்சர்கிட்ட சொல்ல முடியுமா? ஒரே ஒரு சுற்று. வேற யாரோடயாவது. நீயும் ஆடு."

டீச்சர் இந்த இடங்களின் முறையைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஜோடியை யாரும் ஆடக் கூப்பிட மாட்டார்கள், தனித்தனியாக உட்கார வேண்டும். வாய் திறந்து கேட்கும் வழக்கம் கிடையாது. தூரத்திலிருந்தே கண்ணைப் பார்ப்பார்கள். பதிலுக்குத் தலையை அசைத்தால் சம்மதம். சம்மதித்துவிட்டால் அந்தச் சுற்றின் கடைசிப் பாட்டு முடியும்வரை பாதியில் விடக் கூடாது. ஆடுகிறவர்கள் எல்லாரும் வட்டமாக ஒரே திசையில் போக வேண்டும், முன்னால் போகிற ஜோடியை முந்தக் கூடாது. "வேண்டாம்னா கண்ணைத் திருப்பிக்கோங்க, அவ்வளவுதான்" என்றும் டீச்சர் சொன்னாள். வியாபாரியிடம் போய்ச் சொன்னாளே! கடை வாசலில் யார் நின்று பார்த்தாலும் வாங்க வாங்க என்று தலையாட்டியே முப்பது வருஷம் பிழைத்த மனிதர் அவர். கண்ணோடு கண் பட்டால் அவர் கழுத்து தானாக ஆடிவிடும்.

அவர் எழுந்து எதிர்ச் சுவர்ப் பக்கம் போய் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் வெறும் தரை, அவ்வளவுதான். ஆனாலும் விசில் அவளுக்கு எட்டவில்லை.

பக்கத்து நாற்காலியில் கறுப்பு உடையில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வயது சொல்ல முடியாத முகம். இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழியில் திக்கித் திக்கிப் பேசினாள்.

"அவர் உங்க கணவரா?"

"ஆமாம்."

"ரொம்ப அழகா மூச்சு விடறார்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது, வார்த்தை வந்தது. மார்பு அசையவே இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. கோடியில், விளக்கு எட்டாத மூலையிலிருந்து சாம்பல் நிறக் கவுன் போட்ட ஒருத்தி எழாமலே தலையை மட்டும் நிமிர்த்தினாள். அவள் பார்வை கூடத்தைக் குறுக்காகக் கடந்து ஃபேன்காரர் மேல் போய் உட்கார்ந்தது. 'திருப்பிக்கோங்க, கண்ணைத் திருப்பிக்கோங்க' என்று இவள் மனதுக்குள் கத்தினாள். அவர் புன்னகைத்தார். வாங்க வாங்க என்று தலையாட்டினார். அந்த நேரத்தில் இவளுக்கு அவர் மீது ஒரு கோபம் வந்ததே, முப்பது வருஷத்துக் கோபம், அவரை அங்கேயே காதைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். சபை நாகரிகம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாம்பல் கவுன்காரி அவர் நெஞ்சில் நெஞ்சைச் சேர்த்தாள். கன்னத்தில் கன்னம். அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவரின் நிறத்தில் இருந்தது. வட்டம் நகரத் தொடங்கியது. அவர் இவள் நாற்காலியைக் கடந்தபோது விசில் கேட்டது. சரியாகத்தான் இருந்தது. அடுத்து வந்தபோதும் கேட்டது, கொஞ்சம் தேய்ந்து. கண்ணை மூடியிருந்தார். ஆட்டத்தில் ஆழ்ந்துவிட்டவர்போல ஒரு நிம்மதி முகத்தில். அந்த நிம்மதிதான் அவளைக் கலக்கியது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்துக்கொண்டே நின்ற முகம் அது.

எதிரே ஒரு உயரமான கிழவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் இறங்கினால் கணவருக்குப் பக்கத்தில் போகலாம் என்ற ஒரே நினைப்பில் அவள் தலையை அசைத்தாள்.

கிழவர் கை வைத்த இடத்தில் ரவிக்கையைத் தாண்டிக் குளிர் இறங்கியது. அவர் ஆடத் தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி எதிராளியின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைக்கலாம் என்று அவள் காத்திருந்தாள், அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சுவரில் சாய்ந்து நிற்பதுபோல இருந்தது. பயத்தில் அடக்கி வைத்திருந்த மூச்சை அவளால் மேலும் அடக்க முடியாமல், அவர் கன்னத்தோரம் விட்டாள். அப்போது அவர் இழுத்தார். மெதுவாக. மிச்சம் வைக்காமல். அவள் விட்டது முழுவதையும் அவர் உள்ளே வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் கால் முன்னே வந்தது.

அவளுக்கு உடம்பு கூசிச் சுருங்கியது. அதன்பிறகு மூச்சைத் துளித்துளியாகத்தான் விட்டாள், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கிழவரின் முகம் அவள் வாயைத் தேடித் திரும்பியது.

அவளுக்கு முன்னால் ஒரு ஜோடி. அதற்கும் முன்னால் அவள் கணவரின் முதுகு. சட்டையில் அவள் காலையில் போட்ட இஸ்திரி மடிப்புகூடத் தெரிந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் முன்னால் போகிறவர்களை முந்தக் கூடாது. வட்டம் போகிற வேகத்தில்தான் அவளும் போக வேண்டும். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியது. ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் ஓசையில்லாமல் அவர் பக்கம் நெருங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. செருப்புகள் தரையைத் தடவின. அவற்றுக்கு அடியில், வெகு தூரத்தில், அவருடைய விசில்.

நூல் மாதிரி.

பிறகு நூலும் இல்லை.

காதைத் தீட்டினாள். பாட்டு இருந்தது. செருப்பு இருந்தது. விசில் இல்லை.

இல்லை.

அவள் கிழவரின் கையை உதறினாள். ஆட்டத்தின் நடுவில். கூடமே நின்றது. பாட்டு மட்டும் ஓடியது. கிழவர் காற்றை அணைத்த கைகளை இறக்காமலே நின்றார். அவள் முன்னால் இருந்த ஜோடியைத் தோளால் இடித்து விலக்கிக்கொண்டு ஓடி அவர் சட்டையைப் பிடித்தாள்.

அவர் கண் மூடி நின்றார். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

சாம்பல் கவுன்காரியின் கன்னம் சிவந்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக. அந்தக் கூடத்திலேயே அவளுக்கு மட்டும் மூச்சு வாங்கியது. இழுக்கும்போது ஒரு கரகரப்பு. விடும்போது, கடைசியில், சன்னமாக ஒரு விசில்.

வருஷம் முழுக்கத் தலையணைக்குப் பக்கத்தில் கேட்ட சத்தம், யாரோ ஒருத்தியின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"குடுத்துடுங்க" என்றாள். தன் மொழியில்தான் சொன்னாள். வேறு எந்த மொழியும் அப்போது வாயில் இல்லை. "என் வீட்டுக்காரரை என்கிட்ட குடுத்துடுங்க. உங்களுக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோங்க. அவரைக் குடுத்துடுங்க."

அந்தப் பெண் இவளை நிதானமாகப் பார்த்தாள். கண்ணுக்குள் பார்த்தாள். பிறகு புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தலையைச் சாய்த்தாள், சம்மதமா என்று கேட்பதுபோல. நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் முன்னால் குனிந்தார்கள்.

யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்? தலையை அசைத்தாள். ஒரு தரம் இல்லை, ஆமாம் ஆமாம் என்று அசைத்துக்கொண்டே இருந்தாள்.

கவுன்காரி அவர் கையை எடுத்து, மரியாதையாக, இவள் கையில் வைத்தாள்.

இவள் மூச்சை விட்டாள். அவர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா, பாட்டு முடிஞ்சுதா?" என்றார்.

மாடிப்படியை அவர் ஒரு இடத்திலும் நிற்காமல் இறங்கினார். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது, ஜனங்கள் பைகளைச் சுமந்துகொண்டு போனார்கள், ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதது. எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அவர் கையை விடவே இல்லை.

"பாத்தியா? இவ்வளவு படி இறங்கியும் எனக்கு மூச்சு வாங்கல. விசில்கூட இல்ல. டீச்சருக்கு ஒரு புடவை எடுத்துக் குடுக்கணும்டி."

உண்மைதான், விசில் இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்குத்தானே ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்று அலைந்தாள். கெட்ட கனவு மாதிரி கூடத்தைத் தலையிலிருந்து உதறப் பார்த்தாள். அவளுக்குத்தான் ஏனோ நெஞ்சு அடைத்தது. ஓடி வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஹோட்டல் அறைக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் குளியலறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்தாள். கைநிறைய நீரில் முகத்தைப் புதைத்து, மூச்சடக்கி, அந்தக் குளிர்ச்சியில் கொஞ்சம் நின்றாள். திரும்பி வந்தாள்.

அவர் உதடு நீலமாக இருந்தது.

"ஏங்க!" என்று அலறினாள். அலறுவதற்காக மூச்சை இழுத்தாள். கட்டிலில் அவர் மார்பு ஏறியது. விட்டாள். இறங்கியது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று மனம் கெஞ்சியது. ஆனாலும் மூச்சை அடக்கிப் பார்த்தாள். அவர் மார்பு பாதியில் நின்றது. அவர் கண்ணை மூடிச் சிரித்தபடியே கிடந்தார். காதுக்குள் ரத்தம் இடிக்கும்வரை அடக்கினாள். நீலம் உதட்டிலிருந்து மூக்கோரம் வரை பரவியது. தாங்காமல் விட்டாள். அவரும் விட்டார்.

டாக்டரைக் கூப்பிட வேண்டும். போன் கதவருகே இருந்தது. இரண்டடி நகர்ந்தாள், அவர் மார்பு ஏறுவது குறைந்தது. இன்னும் ஓர் அடி. கால்வாசிதான் ஏறியது. போனை எட்டுவதற்குள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடி வந்து அவரைத் தூக்கி நிறுத்தி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவர் கனமே இல்லை. அவர் வலது கை தானாக அவள் முதுகுக்கு வந்தது, இடது கை அவள் விரல்களைப் பிடித்தது. முகத்தில் நிறம் திரும்பியது.

"என்னங்க, நான் பேசறது கேக்குதா? ஏதாவது சொல்லுங்களேன்."

அவள் பேசியதில் செலவான மூச்சுக்கு அவர் உதடு தவித்தது. அதோடு அவள் பேச்சை விட்டாள்.

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய இடத்தில் அவர் கால் நகர்ந்தது. அவள் கால் பின்னால் போனது. பாட்டு இல்லை. அவள் இழுப்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது, அவர் இழுப்பது கொஞ்சம் கூடியது. விட்டுவிடலாம். கையை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து ஓடினால் அவளுக்கு முழு மூச்சு கிடைக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். இந்த மனிதர் இருக்கட்டும். வேறு எதுவும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

ஜன்னலருகே திரும்பும்போது இருவர் முகமும் குளிர்ந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தன. அவள் வாய் திறந்திருந்தது. கண்ணாடி அவள் வாய்க்கு நேரே துடைத்து வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது. அவர் உதட்டுக்கு நேரே ஆவி படர்ந்தது, சுருங்கியது, மறுபடியும் படர்ந்தது.